காரில் சிவப்பு பிரேக் லைட் எரிகிறதா? வீட்டிலேயே காரணம் கண்டுபிடிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம், இரண்டு சீட்டுக்கும் நடுவே கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான ஹேட்ச்பேக், சிறிய செடான் வண்டிகளின் அமைப்பு இதுதான். கீழே உள்ள பதில்கள் அந்த வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியவை. நான்கு சக்கரத்திலும் டிஸ்க், பட்டன் ஹேண்ட் பிரேக் (லீவருக்குப் பதில் பட்டனை அழுத்தினால் மோட்டார் பிடிப்பது) உள்ள வண்டிகளுக்கு மாறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே லைட் எரிந்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு பிரேக்கை மெதுவாக அழுத்திப் பாருங்கள். லைட் சொல்வதைவிட அதிகமாக உங்கள் கால் சொல்லும். பெடல் வழக்கமான உயரத்தில், வழக்கமான கெட்டியோடு பிடித்தால் அவசரம் இல்லை. ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனால், பஞ்சு போல மெத்தென்று இருந்தால், வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். டோ செய்துதான் எடுத்துப் போக வேண்டும்.

பெடல் அடிவரை போய்விட்டால் விட்டு விட்டு வேகமாக நாலைந்து முறை மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் கிடைக்கும். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கின் நுனி பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். என்ன ஆனாலும் ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்காதீர்கள். பெடலுக்குத் துணைவிசை தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும்.

பிரேக் என்று மூன்று நான்கு லைட் இருக்கிறதே, எது எது?

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இரு பக்கமும் அடைப்புக்குறி, சிவப்பு நிறம்: இங்கே பேசுவது இதைப் பற்றி. ஹேண்ட் பிரேக் போட்டால் எரிவதும் பல வண்டிகளில் இதே லைட்தான்; சிலவற்றில் அதற்கு மட்டும் தனியாக ஆங்கில ‘பி’ எழுத்து இருக்கும். மஞ்சளில் ‘ஏபிஎஸ்’ என்று எழுதியிருந்தால் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பில் மட்டும் கோளாறு; சாதாரண பிரேக் வேலை செய்யும். வட்டத்தைச் சுற்றிப் புள்ளிக்கோடு இருந்தால் பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இது விலை உயர்ந்த வண்டிகளில்தான் இருக்கும்.

சிவப்பு லைட்டை எரியவைப்பது எது?

மூன்று இடங்களிலிருந்து அதற்கு உத்தரவு வரும். ஒன்று, ஹேண்ட் பிரேக் லீவரின் அடியில் உள்ள சுவிட்ச். இரண்டு, பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவில் இருக்கும் மிதவை. மூன்று, ஏபிஎஸ் கம்ப்யூட்டர். இந்த மூன்றும் ஒரே பல்பைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால்தான் லைட்டைப் பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்ல முடிவதில்லை.

இதில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. பேட் தேய்ந்ததையோ, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பதையோ இந்த லைட் நேரடியாக அறியாது. தேய்மானம் பற்றி அதற்குத் தெரிந்ததெல்லாம் டப்பாவில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான். மற்றதை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

செலவில்லாததிலிருந்து. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை ஒரு முறை முழுதாக இழுத்து, பிறகு கீழே வரை அழுத்திவிடுங்கள். லீவர் ஒரு பல் அளவு மேலே நின்றிருந்தாலே லைட் எரியும். வண்டியோ பின்பக்கம் சூடேறி, பிரேக் லேசாகப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருக்கும். அணையவில்லையென்றால் பானெட்டைத் திறந்து ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தால் மட்டும் சுவிட்ச், ஒயர் பக்கம் போங்கள். இந்த வரிசையை மாற்றி, முதலிலேயே மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்காருபவர்கள்தான் பாதி நாளை வீணாக்குகிறார்கள்.

ஆயில் டப்பா எங்கே இருக்கும்? அளவு எப்படிப் பார்ப்பது?

டிரைவர் பக்கம், கண்ணாடிக்குக் கீழே, இன்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டி வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதன் பக்கவாட்டில் ‘மேக்ஸ்’, ‘மின்’ என்று இரண்டு கோடுகள். டார்ச்சை டப்பாவின் பின்னாலிருந்து அடித்தால் ஆயில் மட்டம் நிழலாகத் தெரியும். பழைய டப்பா பழுப்பேறிப்போய், உள்ளே படிந்த கறையே ஆயில் மட்டம் போலக் காட்டும். சந்தேகமாக இருந்தால் பம்பரை லேசாக ஆட்டுங்கள். அசைவது ஆயில், அசையாதது கறை.

மூடியைத் திறப்பதற்கு முன் டப்பாவைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்து, காயவிடுங்கள். ஒரு சிட்டிகை மண் உள்ளே விழுந்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப்பைக் கீறிவிடும்.

ஆயில் ‘மின்’ கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஊற்றிவிட்டால் முடிந்ததா?

இல்லை. லைட் அணைந்துவிடும், காரணம் அப்படியே இருக்கும்.

இன்ஜின் ஆயில் எரிந்து குறையும். கூலன்ட் ஆவியாகிக் குறையும். பிரேக் ஆயில் மூடிய குழாய்க்குள் இருப்பது. அது குறைந்தால் இரண்டே காரணம்தான்: பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ வெளியேறுகிறது.

பேட் தேய்வதால் எப்படிக் குறையும்? புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். அது தேயத் தேய, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும். பிஸ்டனுக்குப் பின்னால் உண்டாகும் இடத்தை டப்பாவிலிருந்து இறங்கும் ஆயில் நிரப்பும். எனவே பேட் முடியும் தறுவாயில் ஆயில் மட்டமும் ‘மின்’ கோட்டை நெருங்கும். எங்கும் போய்விடவில்லை, காலிப்பருக்குள்தான் இருக்கிறது.

இந்த நிலையில் மேலே ஊற்றி ‘மேக்ஸ்’ வரை நிரப்பினால் என்ன ஆகும்? இரண்டு மாதம் கழித்துப் புதிய பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். அத்தனை ஆயிலும் திரும்ப மேலேறி டப்பா வழிந்து, கீழே உள்ள பெயின்ட்டைக் கரைக்கும். அதைவிட மோசம், பேட் முடிகிறது என்று மறைமுகமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே அறிகுறியையும் அணைத்துவிட்டீர்கள். பேடைப் பார்க்காமல் ஆயில் ஊற்றக் கூடாது. சர்வீஸ் சென்டர்களில்கூட ‘டாப் அப்’ என்று பில்லில் ஒரு வரி போட்டுவிட்டு பேடைப் பார்க்காமல் அனுப்புவது நடக்கிறது. எவ்வளவு ஊற்றினார்கள், பேட் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

கோட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கி, டப்பா கிட்டத்தட்டக் காலியாக இருந்தால் அது தேய்மானம் அல்ல, லீக்.

வளைவில் திரும்பும்போதும் இறக்கத்திலும் மட்டும் எரிந்து, பிறகு தானே அணைகிறது. இது என்ன?

ஆயில் எல்லைக்கோட்டில் இருக்கிறது. வண்டி சாயும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டப்பாவுக்குள் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, மிதவை ஒரு கணம் இறங்கி எழுகிறது. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைப் பாதையில் இறங்கும்போது முதன்முதலாக இந்த லைட்டைப் பார்க்கிறவர்கள் பலர். மலை ஏறுவதற்கு முன்பே எச்சரிக்கை இருந்திருக்கும், சமதரையில் தெரிந்திருக்காது. இறக்கத்தில் பார்த்தால் 2-ஆம் கியருக்கு வந்து, இன்ஜின் பிடியில் இறங்கி, ஊர் வந்ததும் பேடைப் பாருங்கள்.

பேடை எப்படிப் பார்ப்பது? சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டுமா?

அலாய் வீலாக இருந்தால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஆரங்களின் இடைவெளியில் டார்ச் அடித்து வெளிப்பக்கப் பேடைப் பார்த்துவிடலாம். ஆனால் உள்பக்கப் பேட்தான் பெரும்பாலும் முதலில் தேயும்; காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகிப்போயிருந்தால் வெளிப்பக்கம் 6 மில்லிமீட்டர் இருக்கும்போதே உள்பக்கம் தகடு தெரியும். அதனால் கழற்றிப் பார்ப்பதே சரி.

சமதரை, முதல் கியர், எதிர்ச்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி ஏற்றுங்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால், கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில், கதவுக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் உட்காரும். வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்காதீர்கள்.

இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், உராயும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றத் திட்டமிடுங்கள். 2-க்குக் கீழே போனால் அன்றே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இடது வலது இரண்டுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். டிஸ்க்கையும் விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தால், அதன் மேல் அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனோடு வெர்னியர் வைத்து ஒப்பிட வேண்டும்.

பேட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆயில் குறைகிறது. லீக் எங்கே தேடுவது?

முதலில் எது பிரேக் ஆயில் என்று அடையாளம் தெரிய வேண்டும். புதிதாக இருக்கும்போது லேசான மஞ்சள், பழசானால் டீ டிகாக்‌ஷன் நிறம். விரலில் வழுக்கும், தண்ணீரில் கழுவினால் போய்விடும். இன்ஜின் ஆயிலோ கழுவினாலும் போகாது. ஏசி ஓடியபின் வண்டிக்கு அடியில், முன்பக்கமாகத் தரையில் சொட்டுவது வெறும் தண்ணீர். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தேடும் வரிசை இப்படி. நான்கு டயரின் உள்பக்கச் சுவரைப் பாருங்கள். பின்டயரின் உள்பக்கம் ஈரமாகி, புழுதி அப்பியிருந்தால் டிரம்முக்குள், ஷூவை (டிரம்மில் உராயும் கட்டையை) தள்ளும் வீல் சிலிண்டர் போயிருக்கிறது. பத்து ஆண்டு தாண்டிய வண்டிகளில் மிக அதிகமாகப் பார்க்கும் லீக் இதுதான். டிரம்மைக் கழற்றி (ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்க வேண்டும், டிரம் வராவிட்டால் அதன் முகத்தில் உள்ள இரண்டு மரைத்துளைகளில் போல்ட்டை மாறி மாறி முடுக்கினால் தானே வெளியே வரும்) வீல் சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். லேசான ஈரப்பசை இருந்தால் பரவாயில்லை. ஆயில் வழிந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது பழைய வழக்கம். சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி கசியும். ஷூவையும் மாற்றுங்கள், அதுவும் இரண்டு பக்கமும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

அடுத்து முன்சக்கர ரப்பர் ஹோஸ். ஸ்டீயரிங்கை இருபுறமும் ஒடித்து, ஹோஸை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பிறகு இரும்புக் குழாய்கள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர் வண்டிகளில் அடிப்பகுதிக் கிளிப் பிடிக்கும் இடங்களில்தான் குழாய் துருப்பிடிக்கும். கிளிப்புக்குள் ஈரம் தங்குவதே காரணம். துரு உரிந்து வரும் குழாயைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம், அங்கேயே ஓட்டையாகும். குழாய் வேலை மெக்கானிக்குக்கு உரியது.

தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. டயரும் காய்ந்திருக்கிறது. பிறகு எங்கே போகிறது?

இரண்டு ஒளிவிடங்கள் உண்டு.

மாஸ்டர் சிலிண்டரின் பின்முனை சீல் தேய்ந்தால் ஆயில் வெளியே சொட்டாது. பின்னால் உள்ள கறுப்பு பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தின் அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். அங்கே பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தால் அதுவே சாட்சி.

மற்றொன்று கிளட்ச். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. கிளட்ச் சிலிண்டர் கசிந்தாலும் எரிவது பிரேக் லைட்தான். டிரைவர் கால்பக்க மிதியடியைத் தூக்கி, கிளட்ச் பெடலின் மேல்முனையைப் பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கத்துச் சிலிண்டரையும் பாருங்கள். கிளட்ச் குழாய் டப்பாவில் உயரமான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். எனவே கிளட்ச் முழுதாகச் செத்தாலும் பிரேக்குக்கு வேண்டிய ஆயில் அடியில் மிஞ்சும். கியர் விழ மறுத்து, பிரேக் நன்றாக இருந்தால் சந்தேகம் இங்கேதான்.

பெடலை வைத்தே கோளாறு சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். இன்ஜின் அணைந்திருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், கெட்டியாகிவிடும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்கவே இல்லையென்றால் பூஸ்டரையோ அதன் வேக்குவம் ஹோஸையோ பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது மிதமான அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருங்கள். பெடல் மெல்ல மெல்ல கீழே போய்க்கொண்டே இருந்தால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் கப் போய்விட்டது. இதில் ஆயில் குறையாது, லைட்டும் எரியாது. லைட் எரியாததால் பிரேக் நலம் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

எந்த ஆயில் ஊற்ற வேண்டும்?

டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும்: டாட் 3 அல்லது டாட் 4. டாட் 3 குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். டாட் 4 என்றால் 230 டிகிரி. இது புது ஆயிலுக்கு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு இவை முறையே 140, 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் திடீரென்று காலியாகப் போவது இதனால்தான். மூடியில் டாட் 3 என்றிருந்தால் டாட் 4 ஊற்றலாம்; டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 வேண்டாம். டாட் 5.1 இவற்றோடு கலக்கும். டாட் 5 வேறு ஜாதி, சிலிகான். பெயர் ஒத்திருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள். பாதி மீந்த, ஆறு மாதம் அலமாரியில் கிடந்த ஆயிலை ஊற்ற வேண்டாம். பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் போங்கள்.

தவறிப்போய் இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றிவிட்டேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பெடலையும் மிதிக்காதீர்கள். மிதிக்காதவரை அது டப்பாவில்தான் மிதந்துகொண்டிருக்கும். சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, டப்பாவைக் கழற்றிச் சுத்தம் செய்து தப்பிக்க வாய்ப்புண்டு. மிதித்து, குழாய்க்குள் இறங்கிவிட்டால் ரப்பர் கப்புகள் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் சீல், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். பெட்ரோல், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

ஆயில் சரியாக இருக்கிறது, பெடலும் நன்றாக இருக்கிறது. ஆனால் லைட் அணையவில்லை.

இங்கேதான் ஒயர் வேலை தொடங்குகிறது. பத்தில் பெரும்பகுதி ஹேண்ட் பிரேக் சுவிட்ச்தான். லீவரின் அடியில் ஒரு சிறு குமிழ். லீவர் முழுதாக இறங்கும்போது அது அமுங்கி மின்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். சிந்திய டீ, பிஸ்கட் தூள், மணல் எல்லாம் சேர்ந்து குமிழ் மேலே எழுந்தும் எழாமலும் ஒட்டிக்கொள்ளும்; அல்லது சுவிட்ச்சைத் தாங்கும் தகடு வளைந்து, லீவர் குமிழைத் தொடாமலே நிற்கும்.

நடுவில் உள்ள பிளாஸ்டிக் கவரைக் கழற்றுங்கள். லீவரை இறக்கி வைத்து, சாவியை ஆன் செய்து, குமிழை விரலால் முழுதாக அமுக்குங்கள். லைட் அணைந்தால் சுவிட்ச் நலம், தகட்டைத்தான் சற்று வளைத்துச் சரிசெய்ய வேண்டும். அணையவில்லையென்றால் சுவிட்ச்சின் ஒயரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஒற்றை ஒயர், எர்த் பாடி வழியாக. ஒயரைக் கழற்றியதும் அணைந்தால் சுவிட்ச் போய்விட்டது. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை அமுக்கி விட்டால் பல சமயம் மீண்டுவிடும். இல்லையென்றால் புதியது வாங்குங்கள், விலை அதிகமில்லை.

ஹேண்ட் பிரேக் கேபிளை மிக இறுக்கமாக வைத்திருந்தாலும் லீவர் முழுதாக இறங்காது. எத்தனை ‘கிளிக்’கில் பிடிக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும், அதைவிடக் குறைவாக வந்தால் கேபிள் நட்டைத் தளர்த்த வேண்டும்.

ஆயில் மிதவை கெட்டுவிட்டதா என்று எப்படி அறிவது?

டப்பாவில் செருகியிருக்கும், இரண்டு முள் உள்ள கனெக்டரைக் கழற்றுங்கள். லைட் அணைந்தால் மிதவை தவறாகச் சொல்கிறது. பெரும்பாலான ஜப்பானிய, கொரிய, இந்திய வண்டிகளுக்கு இது பொருந்தும். சில ஐரோப்பிய வண்டிகளில் கனெக்டரைக் கழற்றினாலே லைட் எரியும்படி அமைத்திருப்பார்கள். அவற்றில் இந்தச் சோதனை ஏமாற்றும்.

மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் தரும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, டப்பா பக்கத்து இரண்டு முள்ளிலும் தொடுங்கள். ஆயில் நிறைந்திருக்கும்போது சத்தம் வரக் கூடாது. வந்தால், ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டப்பாவை மெல்லத் தட்டுங்கள். பழைய ஆயிலின் கசடு மிதவையை அடியில் பிடித்து வைத்திருக்கும். தட்டியதும் விடுபட்டு எழுந்தால், ஆயிலை மாற்றினாலே போதும். எழவில்லையென்றால் மிதவையே கெட்டிருக்கிறது. மூடியோடு சேர்ந்த மிதவை என்றால் மூடி மட்டும் வாங்கலாம். டப்பாவுக்குள் இருந்தால் டப்பா முழுவதும் மாற்ற வேண்டும்.

இரண்டு கனெக்டரையும் கழற்றிவிட்டேன். இன்னும் எரிகிறது.

ஏபிஎஸ் லைட்டும் கூடவே எரிகிறதா பாருங்கள். எரியவில்லையென்றால் ஒயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகிறது: கார்ப்பெட்டுக்கு அடியில், சீட் தண்டவாளத்தில், அல்லது புதிதாக மியூசிக் சிஸ்டம், சீட் கவர் போட்ட இடத்தில். எலி கடித்த ஒயரும் உண்டு. பல வாரம் நிற்கும் வண்டிகளில் அதை முதலில் தேடலாம். பேட்டரி லைட்டும் சேர்ந்து மங்கலாக எரிந்தால், பழைய சில ஜப்பானிய வண்டிகளில் அது ஆல்டர்னேட்டர் கோளாறு. பிரேக்கோடு சம்பந்தமே இருக்காது.

ஏபிஎஸ் லைட்டும் சிவப்பு லைட்டும் ஒன்றாக எரிகின்றன.

இதை அலட்சியம் செய்யக் கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் வேலையையும் ஏபிஎஸ் கம்ப்யூட்டரே செய்கிறது. இரண்டும் எரிந்தால் அந்தப் பங்கீடு நின்றுவிட்டது. திடீரென்று பிடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டி வால் வீசும். மெதுவாக, இடைவெளி விட்டு, நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

வீட்டில் பார்க்க முடிந்தது இவ்வளவு: ஏபிஎஸ் ஃபியூஸ், பேட்டரி வோல்டேஜ் (இன்ஜின் ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையில்), நான்கு சக்கரத்தின் சென்சார் ஒயர்கள். சமீபத்தில் வீல் பேரிங்கோ சஸ்பென்ஷனோ வேலை நடந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் ஆரம்பியுங்கள். கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பல இன்ஜினின் கோளாறு எண்ணை மட்டும் படித்துவிட்டு ‘கோளாறு இல்லை’ என்று சொல்லும். ஏபிஎஸ் படிக்கக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஏர் எடுப்பதை (பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதை) வீட்டில் செய்யலாமா?

வீல் சிலிண்டர் மாற்றியிருந்தால், இரண்டு பேர் இருந்தால், டப்பா ஒருபோதும் காலியாகாமல் இருந்தால் செய்யலாம். டப்பா காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்துத்தான் வெளியேற்ற முடியும்.

தேவை: பிளீடர் நிப்பிளுக்கு (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகுக்கு) பொருந்தும் ரிங் ஸ்பேனர் (8 அல்லது 10 மில்லிமீட்டர்), மீன் தொட்டியில் போடும் தெளிவான பைப் ஒரு முழம், பாட்டில், ஆயில் ஒரு லிட்டர். மேனுவலில் வேறு வரிசை இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வண்டிகளில் அது பின் இடது. பைப்பின் மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூடி, ‘விடு’ என்று சொன்ன பிறகே காலை எடுக்க வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் வெளியே போன காற்றே திரும்ப உள்ளே வரும். குமிழி நின்ற பிறகும் நாலைந்து முறை செய்யுங்கள். நாலு மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள்.

பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அழுத்தாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்கப் பல வருடமாகத் தொடாத, கசடு படிந்த பகுதிக்குப் போய்க் கிழிந்துவிடும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் போன கதை இப்படித்தான் நடக்கிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். நிப்பிளை மூடும்போது அளவாக இறுக்குங்கள்; உடைந்தால் காலிப்பரே செலவு.

புதிய பேட் போட்ட பிறகு கவனிக்க வேண்டியது?

வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். தள்ளி வைத்த பிஸ்டன் பேடைத் தொடும்வரை பிரேக்கே இருக்காது. கேட்டைவிட்டு இறங்கும்போதுதான் அது தெரியவரும். பிறகு ஆயில் மட்டத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் ‘மேக்ஸ்’ கோடு தாண்டாமல் சேருங்கள். பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் பின்பிஸ்டனைக் கிளாம்ப் வைத்துத் தள்ளக் கூடாது. ஸ்கேனரால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் தள்ளினால் மோட்டார் உடையும்.

ஆயிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பொதுவாக 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வண்டி ஓடாமல் நின்றாலும் ஆண்டுக் கணக்கு பொருந்தும்.

தொந்தரவாக இருக்கிறது, கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

ஹேண்ட் பிரேக் சுவிட்ச்சை மட்டும், புதியது வரும்வரை கழற்றி வைக்கலாம். ஹேண்ட் பிரேக் போட்டபடி ஓட்டிவிடாமல் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆயில் மிதவையின் கனெக்டரைக் கழற்றி ஓட்டக் கூடாது.

பழைய கார் வாங்கப் போகிறேன். லைட் எதுவுமே எரியவில்லை. நல்லதுதானே?

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் சிவப்பு லைட்டும் ஏபிஎஸ் லைட்டும் எரிந்து, சில நொடியிலோ ஸ்டார்ட் ஆன பிறகோ அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது பின்னால் டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஏபிஎஸ் லைட்டும் பேட்டரி லைட்டும் சேர்ந்து, ஒரே நொடியில் அணைந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒன்றின் ஒயரை மற்றதோடு இணைத்துவிடும் தந்திரம் உண்டு. பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள், எரிய வேண்டும். கடைசியாக ஆயில் டப்பா: மூடியில் மிதவை உள்ள வண்டியென்றால் மூடியைத் திருகித் தூக்கிப் பிடியுங்கள், மிதவை தொங்கியதும் டேஷ்போர்டில் லைட் வர வேண்டும். டப்பாவுக்குள் மிதவை இருந்தால் கனெக்டர் செருகியிருக்கிறதா, ஒயர் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விலை பேசுவதற்கு முன்பே இதையெல்லாம் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.